பார்த்தவர் ஒருவர்

திருப்பூர்
29.10.1961

அன்புள்ள தங்கை பெர்சியாளுக்கு,

யோவேல் எழுதுவது. நானும் உன் அண்ணியும் பிள்ளைகளும் கர்த்தருடைய கிருபையால் சுகம். கோத்தகிரியில் குளிர் ஆரம்பித்திருக்கும். விடுதியில் வெந்நீர் கிடைக்கிறதா? தொண்டை வலி போனதா என்று எழுது.

ஒரு காரியம். உன் கண்ணம்மாளைப் பற்றியது. உன் கண்ணம்மாள் என்று எழுதக் காரணம், நான்கு வருஷத்துக்கு முன் அவள் ஞானஸ்நானம் எடுத்தபோது சாட்சி நின்றவள் நீ. கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவளும் நீ.

பத்து நாளைக்கு முன் ஆயுத பூஜை. எங்கள் பனியன் கம்பெனியில் வழக்கம்போல மிஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூஜை போட்டார்கள். கண்ணம்மாள் அங்கே நூல் சுற்றும் மிஷினில் வேலை செய்கிறாள். அந்த மிஷினுக்கு அவளே தன் கையால் பொட்டு வைத்திருக்கிறாள். பார்த்தவர் ஒருவர் தெரிவித்தார். சபைக் கமிட்டி கூப்பிட்டு விசாரித்தது. ஒப்புக்கொண்டாள். சபை முன்பு எழுந்து நின்று மனம் வருந்துவதாகச் சொல்லும்வரை அவளுக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் நிறுத்தம். செயலாளர் என்பதால் தீர்மானத்தை எழுதியவன் நான்.

எழுந்து நிற்க மாட்டேன் என்கிறாள்.

அவள் மகள் ரூத்துக்கு ஜனவரி 24-ல் கல்யாணம். மாப்பிள்ளை தாராபுரம், அச்சாபீஸில் வேலை. அதற்கு முன் மூன்று ஞாயிறு சபையில் அறிவிப்பு வாசிக்க வேண்டும். தாயின்மேல் நடவடிக்கை இருக்கும்போது வாசிக்க முடியாது என்று கமிட்டி சொல்கிறது. மாப்பிள்ளையின் பெரியப்பா தள்ளிப்போடச் சம்மதிக்கவில்லை. பிப்ரவரியில் எட்டுக் கிரகம் ஒன்றுசேருகிறதாம். "நமக்கு அதுல நம்பிக்கை இல்லீங்க. இருந்தாலும் அதுக்கு முன்னாலயே முடிச்சுப் போடலாமுங்க" என்றாராம். ஜனவரி தவறினால் வேறு பெண் பார்ப்பார்கள்.

நீ அவளுக்குப் புத்தி சொல்லி ஒரு கடிதம் எழுது. நீ சொன்னால் கேட்பாள்.

பிள்ளைகள் அத்தைக்கு முத்தம் சொல்லச் சொன்னார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
யோவேல்


கோத்தகிரி
5.11.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

பெர்சி எழுதுவது. தொண்டை தேவலை. வெந்நீர் ஒரு வாளி தருகிறார்கள், முகம் கழுவுவதற்குள் ஆறிவிடும். அண்ணிக்குக் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? பெரியவன் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறானா?

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எழுதுகிறேன் அண்ணா. அதற்கு முன் எனக்குச் சில விவரம் வேண்டும். கமிட்டி கண்ணம்மாளிடம் என்ன கேட்டது? அவர் என்ன சொன்னார்? பார்த்தவர் யார்?

இங்கே மூன்று நாளாக மூடுபனி. பள்ளி மைதானத்தில் எதிர் வரிசைப் பிள்ளைகளின் முகம் தெரியவில்லை. குரலை வைத்து ஆளைச் சொல்கிறேன். பாதி தப்பாகிறது.

எல்லோருக்கும் என் அன்பு.

பெர்சி


திருப்பூர்
12.11.1961

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் அண்ணியின் கால் வீக்கம் வற்றிவிட்டது. பெரியவன் போகிறான், படிக்கிறானா என்பது வேறு விஷயம்.

நீ கேட்டது. தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தே எழுதுகிறேன். மூன்று கேள்விகள்.

ஒன்று: பொட்டு வைத்தாயா? "ஆமாங்க, வெச்சனுங்க."

இரண்டு: தவறென்று தெரியுமா? "தெரியுமுங்க."

மூன்று: அங்கே நம் சபையார் வேறு யாராவது இருந்தார்களா? "நான் எம் மிஷினத்தானுங்க பாத்துட்டிருந்தேன்."

அவ்வளவுதான். அப்படியே எழுதிக்கொண்டேன்.

நாங்கள் யாரையும் குற்றவாளி என்று தீர்க்க உட்காரவில்லை, பெர்சி. நல்லது எது, கெட்டது எது என்று நிதானிக்கவும் கூடாதென்றால் சபை எதற்கு? நான் பதினோரு வருஷமாக அந்தக் கம்பெனியில் பிட்டர். மிஷின் ரிப்பேர் எல்லாம் என் பொறுப்பு. பூஜை நேரத்தில் கதவைச் சாத்துவார்கள், நான் வெளியே டீக்கடையில் நிற்பேன். அது எல்லோருக்கும் தெரியும். முதலாளி கிட்டுசாமி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனசிருந்தால் முடியும்.

நொய்யலில் தண்ணீர் வந்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை. குளிரில் வெளியே போகாதே.

யோவேல்


திருப்பூர்
26.11.1961

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

ரூத் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீங்கள் சுகமா? உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். இனி அம்மா சொல்லச் சொல்ல, அவங்க பேச்சையே எழுதுகிறேன்.

நல்லா இருக்கறீங்களா டீச்சரம்மா. எல்லாரும் மன்னிப்புக் கேளு, கேளுங்கறாங்க. நீங்கதான் ஏன் வெச்சேன்னு கேட்டு எழுதிருக்கறீங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலீங்க.

அந்த மிஷின்ல நாங்க ரண்டு பேரு. காத்தால பழனாத்தா, மத்தியானத்துக்கு மேல நான். எங்க கம்பெனி வழக்கம், மிஷினை ஓட்டற கைதான் அதுக்குப் பொட்டு வெக்கோணும். அசலாள் வெச்சா ஆகாது. வருசா வருசம் பழனாத்தாதான் வெப்பா. இந்த வருசம் அவ நெறமாசம். மொத ரண்டும் அவளுக்குத் தங்கலீங்க. பூசைக்கு மொத நாளு வேலையிலயே வலி எடுத்துப் போச்சு. வண்டி ஏறப்ப எங்கையப் புடிச்சுக்கிட்டு, "மிஷின வெறுமனே உட்ராத கண்ணம்மா. எம் பேருக்கு நீ வெச்சிரு"ன்னா. பக்கத்துல நின்னவ ஒருத்தி, "தாலியறுத்தவ கையிலயா? அதுவும் புள்ள பொறக்கற நேரத்துலயா?"ன்னா. பழனாத்தா அந்த வலியோட திரும்பி, "எம் மிஷினுக்கு எந்தக் கை ஆகும்னு எனக்குத் தெரியும். நீ வாய மூடு"ன்னு போட்டா ஒரு சத்தம்.

எம்பட ஊட்டுக்காரரு போனதுக்கப்புறம் எங்கையில யாரும் ஒண்ணும் வாங்குனதில்லீங்க. கூடப்பொறந்த தம்பி கல்யாணத்துலயே அடுப்படியோட நிறுத்திப் போட்டாங்க. சபையிலதான் மொத மொத எங்கையப் பாத்து அப்பத்தை நீட்டுனாங்க. அதுக்கப்புறம் பழனாத்தா. அவகிட்ட மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க.

நான் சாமி கும்புடலீங்க. நம்ம ஆண்டவர்கிட்டத்தான் சொன்னேன், புள்ளயக் காப்பாத்திக் குடுங்கன்னு. சொல்லிக்கிட்டே வெச்சேன்.

தப்புன்னா தப்புதானுங்க. இல்லைன்னு நான் வாதாடலை. ஆனா வெச்சதுக்கு வருத்தப்படறேன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லோணுமாம். அது பொய்யாயிருமுங்க. கோயிலுக்குள்ள நின்னுக்கிட்டுப் பொய் சொல்றதாங்க?

பழனாத்தாளுக்குப் பொட்டப்புள்ள. நல்லா இருக்குது.

இதை யாருக்கும் சொல்ல வேண்டாமுங்க. தன்னாலதான் ரூத்து கல்யாணம் நிக்குதுன்னு பழனாத்தாளுக்குத் தெரிஞ்சா அழுதே பால் வத்திப் போயிரும். பச்சை உடம்பு.

பிட்டரய்யா நல்லவருங்க. அவருக்குச் சங்கடம் வர்ற மாதிரி ஒண்ணும் எழுதிப் போடாதீங்க.

அம்மா சொன்னது இவ்வளவு. கீழே கையெழுத்து அவங்களே போட்டது.

கண்ணம்மாள்


கோத்தகிரி
3.12.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

கண்ணம்மாளுக்கு எழுதினேன். புத்தி சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். பதில் வந்தது. அதை உங்களுக்குச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அவர் வீடு உங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு. நீங்களே கேட்கலாம்.

உங்கள் கடிதத்தில் நான் கேட்ட ஒன்றுக்குப் பதில் இல்லை. பார்த்தவர் யார் என்பதற்கு.

நானே யோசித்துப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கை குங்குமத்தைத் தொட்டதையும் மிஷினைத் தொட்டதையும் பார்க்க வேண்டுமென்றால் பார்த்தவர் உள்ளே நின்றிருக்க வேண்டும். முருகனைக் கும்பிடுகிற யாரும் இதை ஒரு குற்றமென்று நம் போதகரிடம் வந்து சொல்லப் போவதில்லை. அவர்களுக்கு இதில் என்ன? அந்தக் கம்பெனியில் நம் சபையார் இரண்டே பேர்.

மேலே எழுதவில்லை.

போன வருஷம் விடுதியில் ஒரு பெண்ணை ஒரு வாரம் யாரோடும் பேசக் கூடாதென்று தண்டித்தேன். அவளும் பேசவில்லை. ஏழாம் நாள் ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். கேட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது, கேள்வி அவ்வளவு சின்னது. அந்தப் பெண் இப்போதும் எனக்கு வணக்கம் சொல்கிறாள். என் கண்ணைப் பார்ப்பதில்லை. அதனால் நான் உங்களுக்கு மேலே நின்று இதை எழுதவில்லை, அண்ணா.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

பெர்சி


கோத்தகிரி
17.12.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா? இரண்டு வாரமாகக் கடிதம் இல்லை. சின்னவளுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று பின்னி அனுப்பியிருக்கிறேன். கை நீளமாக இருந்தால் மடித்துவிடச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. விடுதியில் வீட்டுக்குப் போக முடியாத பிள்ளைகள் ஆறு பேர் இருக்கிறார்கள்.

வேறொன்றும் இல்லை.

பெர்சி


திருப்பூர்
21.12.1961

அன்புள்ள பெர்சிக்கு,

அண்ணி எழுதறேன். எல்லாரும் சுகம். நீ சுகமா கண்ணு? சட்டை வந்தது. கை சரியாத்தான் இருக்குது, கழுத்துதான் அவ தலை நுழையற அளவுக்கு இல்லை. பிரிச்சுப் போட்டுக்கறேன்.

உங்கண்ணனுக்கு என்ன எழுதுனே? கடுதாசி வந்த நாளா சோத்துல கை வெச்சுட்டு உக்காந்திருக்கறாரு. கேட்டா ஒண்ணுமில்லைங்கறாரு. ஒண்ணுமில்லாததுக்கா மனுசன் ரண்டு சுத்து இளைப்பாரு?

நீ என்ன எழுதிருப்பேன்னு எனக்குத் தெரியும். அவரு வருசா வருசம் ஆயுத பூசைக்குப் பொரி கடலை கொண்டாருவாரு. கடையில வாங்குனேன்னு சொல்லுவாரு. பனியன் துணியில முடிஞ்சு பொரி விக்கற கடை காதர்பேட்டையில ஒண்ணுகூட இல்லை கண்ணு. நானும் தேடித்தான் பாத்தேன். பிள்ளைகளும் திங்கும், நானும் திம்பேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கோணுமோ என்னமோ. அவரு மொகத்தைப் பாத்தா கேக்கத் தோணாது. இப்பத்தான் கேக்காம உட்டதும் தப்போன்னு இருக்குது.

கண்ணம்மா போன ஞாயித்துக்கிழமையும் வந்தாங்க. கடைசி வரிசை. பாட்டு மட்டும் எல்லாரையும் விடச் சத்தமாப் பாடுனாங்க. மாப்பிள்ளை ஊட்டுல இருந்து ஆள் வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்களாம். ஜனவரி ஏழாந் தேதிக்குள்ள மொத அறிவிப்பு வாசிக்கலைன்னா இல்லைன்னு எடுத்துக்கறோமுன்னாங்களாம்.

உடம்பைப் பாத்துக்க. கிறிஸ்துமஸுக்கு முறுக்கு அனுப்பறேன்.

உன் அண்ணி


திருப்பூர்
31.12.1961

அன்புள்ள பெர்சிக்கு,

சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மூன்று தாள்களைக் கிழித்தேன்.

டீக்கடையில் நின்றது முதல் இரண்டு வருஷம் மட்டும். இரண்டாம் வருஷம் பூஜை முடிந்து மிஷினை ஓட்டியதும் ஊசிகள் வரிசையாக உடைந்தன. முதலாளி ஆள் அனுப்பினார். அடுத்த வருஷத்திலிருந்து, "பிட்டர், நீங்க உள்ளயே நில்லுங்க, முதல் சுத்து உங்க கையில ஓடட்டும்" என்றார். நின்றேன். ஒன்பது வருஷமாகச் சபையில் டீக்கடை என்றே சொல்லிவந்தேன். கும்பிடவில்லை என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். உண்மைதான். கும்பிடவில்லை.

பூஜை காலையில் நடக்கும். அந்த நேரம் அந்த மிஷினில் பழனாத்தாள் என்பவள்தான் இருப்பாள், கண்ணம்மாள் மத்தியானம்தான் வருவார், அதனால் நான் உள்ளே நிற்பதை அவர் பார்த்ததில்லை. இந்த வருஷம் வந்திருந்தார். பொட்டு வைத்தார். பூஜை முடிந்து பொரித் தட்டு கைமாறி வந்தது. அதை என்னிடம் நீட்டியவர் அவர்தான். நேருக்கு நேர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு கை அள்ளி பனியன் துணியில் முடிந்துகொண்டேன். வீடு வரும் வழி முழுக்க ஒரே நினைப்பு: இந்த அம்மா போதகரிடம் சொல்லிவிடுவார்.

அதனால் நான் முந்திக்கொண்டேன்.

பார்த்தவர் ஒருவர் சொன்னார் என்று போதகரிடம் சொன்னேன். யார் என்று அவர் கேட்கவில்லை. கமிட்டியில் மூன்றாம் கேள்வியைப் பெரிய மூப்பர் கேட்டபோது பேனா என் கையில் இருந்தது. கண்ணம்மாள் வாயிலிருந்து என் பெயர் வரும் என்று காத்திருந்தேன். என் மிஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். அதையும் நானே எழுதினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த ஒரு வரியை இரண்டு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று கமிட்டி. எழுந்து சொன்னேன். பார்த்தவன் நான், உள்ளே இருந்து பார்த்தேன், பொரியும் வாங்கினேன், ஒன்பது வருஷமாக.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெரிய மூப்பர் சிரித்தார். "அட உக்காருப்பா. அதுவும் இதுவும் ஒண்ணா? நீ வேலைக்காக நின்னே. முதலாளி கூப்பிட்டா மாட்டேங்க முடியுமா? பொரியை வேண்டாம்னா அவங்க மனசு சங்கடப்படாதா?"

"இத்தனை காரணத்தையும் எனக்காக நீங்களே சொல்றீங்க. நான் ஒண்ணுகூடக் கேக்கலீங்க. அந்தம்மாகிட்ட ஏன்னு ஒரு வார்த்தை கேட்டமா?"

ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில் போதகர் குடையை எடுத்தார். "கூப்பிட்டு அனுப்ப வேண்டாம். நாம போவோம்."

நானும் போனேன். வாசலில் நின்றுகொண்டேன். உள்ளே அரைமணி நேரம் பேச்சு. என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்தபோது போதகர் குடையை மறந்து வந்தார். தெருமுனைவரை நடந்தோம். பிறகு சொன்னார்: "அவங்க செஞ்சது சரின்னு நான் சொல்லலை. அவங்களும் சொல்லலை. ஆனா நாம நிறுத்தினது தப்பு."

கமிட்டியில் ஐந்து பேர். மூன்று பேர் சம்மதித்தார்கள். போதும். ஏழாம் தேதி முதல் அறிவிப்பு.

தீர்மானப் புத்தகத்தை ஒப்படைத்துவிட்டேன். முதலாளியிடமும் பேச வேண்டும். முதல் சுற்றைப் பூஜை முடிந்து கதவு திறந்த பிறகு ஓட்டித் தருகிறேன் என்று கேட்கப் போகிறேன். சம்மதிப்பாரா தெரியாது.

கண்ணம்மாளிடம் இன்னும் பேசவில்லை. என்ன சொல்வது?

புது வருஷ வாழ்த்துகள். குளிர் எப்படி?

யோவேல்


கோத்தகிரி
6.1.1962

அன்புள்ள அண்ணா,

சுகம். முறுக்கு வந்தது, ஆறு பேரும் நானும் தின்றோம். குளிர் இருக்கிறது. இன்று வெயிலும் இருக்கிறது.

என்ன சொல்வதென்று எனக்கும் தெரியாது. நான்கு தெருதானே. நடக்கும்போது ஏதாவது வரும்.

பெர்சி


திருப்பூர்
28.1.1962

அன்புள்ள பெர்சிக்கு,

எல்லோரும் சுகம். நீ சுகம்தானே? சின்னவள் உன் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறாள்.

ரூத் கல்யாணம் புதன்கிழமை முடிந்தது. மூன்று ஞாயிறும் அறிவிப்பு வாசித்தார்கள். முதல் ஞாயிறு திருவிருந்தும் இருந்தது. அதில் சேரக் கண்ணம்மாள் பெயர் கொடுத்திருந்தார். நான் கொடுக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய முதுகும்தான் தெரிகிறது.

நான்கு தெரு நடக்கவும் இல்லை. இரண்டு தடவை பாதி வழியில் திரும்பினேன்.

கல்யாணத்தன்று சபைக் கோயில் வாசலில் கண்ணம்மாள் நின்றிருந்தார், கையில் கல்கண்டுத் தட்டு. தாலி இழந்தவர் வாசலில் நின்று தட்டு நீட்டுவதா என்று மாப்பிள்ளையின் பெரியப்பா தயங்கினார். வெளியே பந்தல் காலருகே பழனாத்தாள் மூன்று மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். "எடுங்க பெரியப்பா, கிரகம் ஒண்ணும் புடிச்சுக்காது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் எடுத்துக்கொண்டார்.

என் முறை வந்தது. தட்டு முன்னால் நீண்டது, அன்றைக்கு நீண்ட மாதிரியே. கை எழவில்லை. பின்னால் வரிசை நின்றது.

கண்ணம்மாள் குரலைத் தாழ்த்தி, "எடுத்துக்குங்க பிட்டரய்யா. நான் தட்டத்தானுங்க பாத்துட்டிருக்கறேன்" என்றார்.

தட்டைப் பார்க்கவில்லை, பெர்சி. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கை நிறைய அள்ளினேன். வீட்டில் உன் அண்ணி எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டாள். பொரி வந்த இடத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு திருவிருந்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

உனக்கென்று ஒரு துண்டு கல்கண்டை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். மலை ஏறி வருவதற்குள் தூளாகியிருந்தாலும் இனிக்கும்.

உன் அண்ணன்,
யோவேல்